இல்லை என்றுதான் சொன்னாள்

பிப்ரவரி 10, திங்கள்

புது வேலையில் முதல் நாள். பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பில்தான் கிளம்பிப் போனேன்.

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்க்கும் பெண்களின் மனநலம் பற்றிய ஆராய்ச்சி. நார்வேயிலிருந்து டாக்டர் மார்கிட் வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் மூக்கு மட்டும் தக்காளிப்பழம் போலச் சிவந்து கிடக்கிறது. இதே கேள்விகளை வேறு ஐந்து நாடுகளிலும் கேட்கிறார்களாம். அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் கேட்கவேண்டும். பெண்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்லவேண்டும். எல்லாம் ரெக்கார்டரில் பதிவாகும். சென்னையில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்டு, நான் சொன்னது சரிதானா என்று பார்ப்பார்.

இரண்டே விதிகள். ஒன்று, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டாவது, "அவள் சொல்கிறாள்" என்று தொடங்கக்கூடாது. அந்தப் பெண் "நான்" என்றால் நானும் "நான்" என்றே பேசவேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி இன்னும் விடவில்லை. காலையில் போகும்போது படுத்திருந்தார், மத்தியானம் வரும்போதும் படுத்திருந்தார். மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. சூடுபண்ணிக் கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் பெண்கள் கொட்டகைக்கு வருகிறார்கள். கால் முழுக்க வெடிப்பு. அங்கேதான் பேட்டி.

கேள்விகளின் தமிழ் சென்னையிலிருந்து அச்சாகி வந்தது. "கடந்த இரண்டு வாரங்களில் தாழ்வாக உணர்ந்தீர்களா?" என்று வாசித்தேன். ஒரு அக்கா யோசித்துவிட்டு, "தாழ்வுதான் டீச்சர். எங்க தெருவே தாழ்வு. மழை பேஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும்" என்றாள். இதை எப்படி இங்கிலீஷில் சொல்ல? சொன்னேன். மார்கிட் குழம்பிப்போய் எழுதிக்கொண்டார்.

பிறகு பதினோராவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்று நினைத்ததுண்டா? ஒன்பது பேரில் எட்டுப் பேர் "ஆமா" என்றார்கள். "தெனமும் நெனைக்கிறதுதான்." "எங்க, இந்தச் சாவுதான் வந்து தொலைக்க மாட்டேங்கே." சொல்லிவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மார்கிட்டின் முகம் வெளுத்துவிட்டது. எட்டுப் பேரையும் உடனே மனநல டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்றார். அது பேச்சுவழக்கு, நாள் முழுக்க இப்படித்தான் சொல்வார்கள், என்றேன்.

"எட்டுப் பேருக்கும் அப்படித்தானா? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நானே இன்று காலை தேங்காய் துருவும்போது அதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று முழுவதும் ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டு. வெப்ராளம். பத்துப் பேரில் ஏழு பேர் "ஒரே வெப்ராளமா வருது டீச்சர்" என்கிறார்கள். முதலில் பதற்றம் என்று சொன்னேன். அடுத்தவள் சொன்னபோது துக்கம் என்றேன். மூன்றாமவளுக்கு ஆத்திரம் என்றேன். மார்கிட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது மூன்று சொல்லா, ஒரு சொல்லா?" என்றார். ஒன்றுதான் என்றேன். "அப்படியானால் மூன்றில் எது?"

மூன்றும்தான், ஆனால் மூன்றும் இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நான் பேசும் பாஷை, எனக்கே தெரியாத பாஷைபோல ஆகிவிட்டது. கடைசியில் "வெப்ராளம்" என்றே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது அந்த ஐந்து நாட்டுக் கணக்கில் எங்கே போய் உட்காருமோ.

வீட்டுக்காரரின் அம்மா, அத்தை, போன் செய்தார். "அவன் எங்கம்மா? நாலு நாளா போன எடுக்க மாட்டேங்கானே?" குளிக்கிறார் என்றேன். முதுகுவலிக்கு வெந்நீரில் குளிக்கிறார் என்றேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலுக்கு நான் மட்டும் போனேன். பாஸ்டரம்மா கேட்டார்கள். முதுகுவலி என்றேன். ஜெபம் பண்ணுகிறோம் என்றார்கள்.

பிப்ரவரி 19, புதன்

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்கிட் ஒரு வழி சொன்னார். பெண்கள் சொல்வதை அப்படியே சொல்லிவிடு, அது பேச்சுவழக்கு என்று உனக்குத் தோன்றினால் அதைத் தனியாகச் சொல், முடிவை நான் எடுக்கிறேன். நியாயம்தான். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் அவர் பேட்டியை நிறுத்துகிறார். பத்துக் கேள்வி கூடுதலாகக் கேட்கிறார். "என்ன டீச்சர், ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கு இந்த அம்மா போலீஸ் மாதிரி விசாரிக்காவ?" என்று ஒருத்தி எழுந்து போய்விட்டாள்.

அதனால் "சாவு வரமாட்டேங்கே" என்று யாராவது சொன்னால் "ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பேட்டி தடங்கல் இல்லாமல் போகிறது. மார்கிட்டும் நிம்மதியாக இருக்கிறார். இது பொய்யா? அர்த்தத்தைத்தானே சொல்கிறேன். சொல்லைச் சொல்வது சரியா, அர்த்தத்தைச் சொல்வது சரியா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டிருந்தால் டாண் என்று பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 22, சனி

நல்ல நாள். வீட்டுக்காரர் தானாக எழுந்து குளித்து, பீரோவை முழுக்க ஒழுங்குபடுத்தினார். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாம் தனித்தனிக் கவரில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் என் பெயர் எழுதியிருக்கிறார். எதற்கு யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாகக் குறிப்பு வேறு. கப்பல் கம்பெனி ஆபீசில் பத்தொன்பது வருஷம் ஃபைல் பார்த்த கை. ஆகஸ்டில் ஆபீஸை மூடிய பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக அவரைப் பார்த்ததே இல்லை.

மீன் குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று நாலு பேர். மூன்றாவதாக வந்தவள் சொர்ணத்தாய். முப்பத்தைந்து வயது. புருஷன் போன வருஷம் லாரி மோதிச் செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகள். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை, புலம்பவும் இல்லை. ரேஷன் கடையில் பெயர் சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தூக்கம் இல்லை, பசி இல்லை.

பதினோராவது கேள்வி. நான் அச்சடித்த தமிழை விட்டுவிட்டு, "செத்துப்போனா நல்லதுன்னு தோணுதா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அப்படியெல்லாம் ஒண்ணும் நெனைக்கல. இப்ப மனசு லேசாத்தான் இருக்கு. பிள்ளையளுக்குத் துணிமணியெல்லாம் தச்சு வச்சாச்சு. ரெண்டு பேரையும் எங்க அக்கா ஆறுமுகநேரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னுட்டா. இனி எனக்கு ஒரு சோலியும் இல்ல."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கிட்டைப் பார்க்கவில்லை.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "இல்லை, அப்படி நினைக்கவில்லை. இப்போது மனம் லேசாக இருக்கிறது. குழந்தைகளை அக்கா பார்த்துக்கொள்வார்."

கடைசி வரியை எப்படிச் சொல்வது? "எனக்கு வேலை இல்லை" என்றால், வேலையை விட்டுவிட்டாள் என்று ஆகும். "கடமை முடிந்தது" என்றால் நாடகம்போல இருக்கும். மார்கிட் பேனாவோடு காத்திருந்தார். விட்டுவிட்டேன். அவர் "இல்லை" கட்டத்தில் டிக் போட்டார்.

பஸ்ஸில் வரும்போது தலை ஒரு மாதிரி சுற்றியது. காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

பிப்ரவரி 26, புதன்

இல்லை என்றுதான் சொன்னாள். நானும் இல்லை என்றுதான் சொன்னேன்.

மார்ச் 1, சனி

அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் வந்திருந்தார். துறைமுகத்துக் கப்பல்களைப் பார்க்க ஆசையாக வாங்கி வைத்திருந்த பைனாகுலரை இவர் அவருக்குக் கொடுத்துவிட்டார். "எனக்கு எதுக்குப்பா இனி" என்றார். நல்ல மனசு. முதுகு எப்படி இருக்கிறது என்று சிநேகிதர் கேட்டார். இப்போது தேவலை என்று நான் சொன்னேன்.

நேற்று மாவு அரைத்தேன். இட்லி கல் மாதிரி வந்தது.

மார்ச் 7, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை மார்கிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். சென்னை மொழிபெயர்ப்பாளரின் கடிதம். பதிவுகளை முழுக்கக் கேட்டிருக்கிறார். பதினாறு இடங்களில் நான் சாவு என்ற சொல்லைக் களைப்பு என்று மாற்றியதைக் குறித்திருந்தார். கடைசியில், "பேட்டி 41, மிக அவசரம். 'இனி எனக்கு ஒரு சோலியும் இல்லை' என்ற வாக்கியம் மொழிபெயர்க்கப்படவில்லை. இந்தப் பெண்ணை உடனே போய்ப் பாருங்கள்."

"41 யார்?" என்று மார்கிட் கேட்டார்.

பெயர்ப் பட்டியலைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "சொர்ணத்தாய்" என்றேன்.

அளத்துக்கு ஓடினோம். மூன்று நாளாக அவள் வேலைக்கு வரவில்லை என்றார் கங்காணி. ஆட்டோ பிடித்து அவள் தெருவுக்குப் போனோம். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "நேத்துல இருந்து தொறக்கல. தலைவலின்னு படுத்திருப்பான்னு நெனச்சோம். பிள்ளைய ரெண்டையும் அக்கா வீட்டுல விட்டுட்டு வந்திருக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கதவைத் தட்டினேன். "சொர்ணம், நான் டீச்சர் வந்திருக்கேன்."

மறுபடி தட்டினேன். "என்ன சொல்கிறாள்?" என்றார் பின்னால் நின்ற மார்கிட். "ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவே கூடிவிட்டது. கதவை உடைக்கலாம் என்று யாரோ சொன்னபோது தாழ்ப்பாள் நகர்ந்தது.

எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். வீடு பெருக்கித் துடைத்து, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. "உள்ள வாங்க டீச்சர். காப்பி போடப் பால் இல்ல" என்றாள். நானும் மார்கிட்டும் தரையில் உட்கார்ந்தோம். அவளும் உட்கார்ந்தாள்.

"இப்பதான் வாறியளா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன் டீச்சர். ஒங்க மொகம் அப்படி ஆச்சு. இந்த அம்மாட்ட நீங்க இங்கிலீஷ்ல சொன்னப்ப, சரி, சொல்லிட்டாவ, யாராச்சும் வருவாவன்னு இருந்தேன். மறுநாளு அளத்துல ரோட்டப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு வாரமா பாத்தேன். பொறவு, சரி, அவியளுக்கும் ஒண்ணும் தோணல போலன்னு விட்டுட்டேன்."

மார்கிட் என் முகத்தைப் பார்த்தார். சொல்லத்தான் வேண்டும். நான் என்றுதான் தொடங்கவும் வேண்டும்.

"டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்" என்று இங்கிலீஷில் தொடங்கினேன். "டீச்சரின் முகம் அப்படி ஆனது. டீச்சர் உங்களிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நான் காத்திருந்தேன். ஒரு வாரம் ரோட்டைப் பார்த்தேன். அவர்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை போல என்று விட்டுவிட்டேன்." ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிறகு மார்கிட் எதுவும் கேட்கும் முன்னே நானாகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "சாகணும்னு இருக்கியாம்மா?"

"ஆமா டீச்சர்." அதையும் ரேஷன் கடையில் பெயர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அக்கா ஆறுமுகநேரியிலிருந்து வந்து சேரும்வரை கூடவே இருந்தோம். எல்லாரும் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சேர்த்துக்கொண்டார்கள். "கோட்டிச்சிறுக்கி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாட்டி?" என்று அக்கா அவளை அடித்தாள், பிறகு மடியில் போட்டுக்கொண்டாள்.

வராந்தாவில் மார்கிட்டிடம், "வேலையை விட்டுவிடுகிறேன்" என்றேன்.

"அன்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றால் நான் யார்? தெரியாது என்றால் ஏன் பட்டியலைக்கூடப் பார்க்காமல் அவள் பெயரைச் சொன்னேன்? "தெரியவில்லை" என்றேன். அதுதான் உண்மை. தெரிந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை.

"நானும் உன் முகத்தைப் பார்த்தேன்" என்றார் அவர். "ஏதோ நடந்தது என்று தெரிந்தது. ஆனால் வாக்கியம் சரியாக இருந்ததால் கேட்கவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தாள்." பிறகு, "நாளையிலிருந்து செவ்வாய் வரை லீவு எடுத்துக்கொள். புதன்கிழமை வா. கேள்விகளை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எழுதலாம். நீ செய்ததை நான் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும். நான் செய்ததையும் எழுதுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். பீரோவைத் திறந்து கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி அவரைப் பார்த்தேன். கேட்க நினைத்தேன். "சாப்பாடு போடவா?" என்றுதான் வாயில் வந்தது.

இன்று முழுவதும் வீட்டை விட்டு நகரவில்லை. அவர் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றேன்.

மார்ச் 8, சனி

காலையில் மார்கிட் போன் செய்தார். சொர்ணத்தாய் மருந்தில் நன்றாகத் தூங்கினாளாம். பிள்ளைகள் வந்து பார்த்தார்களாம். அக்கா நகராமல் கூடவே இருக்கிறாளாம்.

போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அத்தான், முதுகு வலிக்குதா?"

"இல்ல."

"எப்ப இருந்து வலிக்கல?"

திரும்பாமலே சொன்னார். "எப்பவுமே வலிக்கல பியூலா. நீதான் எங்கம்மாட்டயும் கோயில்லயும் முதுகுவலின்னு சொன்ன. கேக்கிறவங்களுக்குச் சொல்ல எனக்கும் வேற ஒண்ணும் கிடைக்கல. சரின்னு இருந்துட்டேன்."

இதை எழுதும்போதும் யோசித்துப் பார்க்கிறேன். முதன்முதலில் முதுகுவலி என்று யாரிடம் சொன்னேன்? ஏன் சொன்னேன்? அவர் என்னிடம் சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கவரெல்லாம் எதுக்கு அத்தான்?"

போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

"என்னை விட்டுட்டுப் போயிரலாம்னு இருக்கீங்களா? சாகணும்னு தோணுதா?"

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. தலையை ஆட்டினார். ஆமாம் என்ற ஆட்டம்தான். வேறு எதுவாகவும் அதை மாற்றிச் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் படுத்து முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பருப்பு தீய்ந்துவிட்டது.

மத்தியானம் அத்தைக்குப் போன் போட்டேன். "உங்க மகனுக்கு முதுகுவலி இல்ல அத்தை" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்குச் சொல் அகப்படவில்லை. எதையோ சொன்னேன், முன்னுக்குப் பின் முரணாக. அத்தைக்கு எப்படியோ புரிந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரி. டோக்கன் இருபத்தேழு. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். சரிசெய்துவிட்டேன்.

டாக்டர் இளவயதுக்காரர். "சொல்லுங்க சார், என்ன செய்யுது?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான். எந்த ஆபீசில் யார் என்ன கேட்டாலும் அவர் என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். டாக்டரும் என் பக்கம் திரும்பினார். வாய்வரை வந்துவிட்டது. ஆகஸ்டில் வேலை போனது, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கவர், பைனாகுலர் எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது.

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. வெளியிலிருந்து அடுத்த எண்ணைக் கூப்பிடவா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காலைல முழிப்பு வந்ததும்..." என்று தொடங்கி நிறுத்தினார் அவர். தொண்டையைச் செருமினார். "முழிப்பு வந்ததும், ஐயோ இன்னும் ஒரு நாளான்னு இருக்கு சார்."

"ம். சொல்லுங்க."

சொன்னார். இடையிடையே நின்று நின்று, சில இடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லி, கால் மணி நேரத்துக்கு மேல் சொன்னார். அதில் பாதிக்கு மேல் நான் இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சிலது புரியவும் இல்லை. டாக்டர் முழுக்க எழுதிக்கொண்டார். மருந்து கொடுத்து, அடுத்த திங்கள் கட்டாயம் வரவேண்டும், அதுவரை வீட்டில் தனியாக விடாதீர்கள் என்றார். அத்தை இருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நான் முதலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, "ஜன்னல் பக்கம் நான் உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

நகர்ந்து இடம் கொடுத்தேன்.